மலைச்சரிவும் தீற்றாவும்

பதுளையிலிருந்து எத்திசையில் புறப்பட்டாலும் சமதரையில் நெடுந்தூரம் நடத்தல் இயலாது. ஏற்றமும் இறக்கமுமே ஊவா மக்களின் வாழ்க்கை. இத்தகைய நாட்டில் வாழும் மாணவர், சாய்வைக் குறிக்கும் தீற்றா என்னும் கிரேக்க எழுத்தைக் கரும்பலகையிற் கண்டு அங்கேயே விட்டுவிடுதல் தகுமோ?

நீள்வட்டத்தின் நடுவே குறுக்குக் கோடு இட்டாற் போன்றது தீற்றா. கிரேக்க நெடுங்கணக்கில் எட்டாம் எழுத்து. பௌதிகத்தில் அது வெப்பநிலையையும் குறிக்கும். கணிதத்திலோ பெரும்பாலும் கோணத்தைக் குறிக்கும். மலைநாட்டவராகிய எமக்கு இப்பிற்பொருளே இன்றியமையாதது.

தேயிலைச் சரிவில் ஒரு கல் கிடப்பதாகக் கொள்வோம். சாய்வாகிய தீற்றா 30 பாகையாயின், கல்லின் நிறையிற் சரிபாதி அதனைக் கீழே இழுக்கும். 45 பாகையாயின் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு. இழுவிசை வளர வளர, கல்லைத் தரையோடு அழுத்தும் விசை குறையும். உராய்வின் பிடியும் தளரும். காய்ந்த மணலைக் குவித்துப் பாருங்கள்; ஓரளவு சாய்வுக்கு மேல் குவியல் நில்லாது சரிந்துவிடும். மலைமண்ணைக் களியும் வேரும் சேர்ந்து மேலும் சற்றுப் பிடித்திருக்கும். ஆயின் அடைமழையில் மண்ணின் நுண்துளைகளில் நீர் நிறைந்து, அதன் அழுத்தம் துகள்களின் பிடியைத் தளர்த்தும். தீற்றா மாறவில்லை, அதனைத் தாங்கிய பிடியே மாறிவிட்டது.

2014 ஒக்ரோபர் 29 ஆம் நாட் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுள் புதைந்தமை இவ்வாறே. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே குடியிருந்தனர். மாற்று நிலமும் வீடும் உரிய காலத்திற் கிடையாவிடின் எச்சரிக்கை மட்டும் என்ன செய்யும்?

மாணவர் பாகைமானியின் நடுவே கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, தம் லயனுக்குப் பின்னுள்ள சரிவை அளந்து பார்க்கலாம். பெரியோர் கான்களைத் தூர்வாரி மழைநீர் தேங்காது ஓடச் செய்யலாம். நிலத்தில் புதுவெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் இரவென்றும் பாராது வெளியேறல் வேண்டும்.

பண்டை உரோமர் இறந்தோர் பெயரருகே தீற்றாவைப் பொறித்தனர். கிரேக்கத்தில் சாவைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து அது. எம் தோட்டங்களின் பெயரேட்டில் அப்பொருளில் அவ்வெழுத்து ஏறாதிருக்க வேண்டின், கோணம் என்னும் பொருளில் அதனை நாம் அனைவரும் கற்றாக வேண்டும்.