வில்பத்துக் காட்டிலே கண்ட மான்

புத்தளத்திலிருந்து அநுராதபுரஞ் செல்லும் பெருவீதியை விட்டு வடக்கே திரும்பினால், ஹுனுவிலகம என்னுமிடத்தில் வில்பத்துக் காட்டின் வாயிலை அடையலாம். போர்க்காலத்திலே நெடுநாள் மூடிக்கிடந்து, 2010ஆம் ஆண்டில் மீண்டுந் திறக்கப்பட்ட காடு இது. சென்ற விடுமுறையில் நாம் குடும்பத்தோடு அங்குச் சென்றோம்.

அண்ணர் முதலில் வர மறுத்தார். சிறுவயதில் நேர்ந்த விபத்தொன்றில் இடக்கண்ணின் பார்வையை இழந்தவர் அவர். “இரண்டு கண்ணுள்ளவருக்கே புலப்படாத மிருகம் எனக்கெங்கே தெரியப்போகிறது?” என்றார். பிள்ளைகள் விடவில்லை.

ஜீப் வண்டி ஓடும்வரை காடு ஆழமுடையதாய் இருந்தது. அருகிலுள்ள பாலை மரங்கள் விரைந்து பின்னோட, அப்பாலுள்ளவை மெல்ல நகர்ந்தன. ‘வில்லு’ எனப்படும் நீர்நிலையொன்றின் ஓரத்தில் வழிகாட்டி வண்டியை நிறுத்தி, “மான்” என்று கைகாட்டினார். வண்டி நின்றதும் காடும் சீலையில் எழுதிய சித்திரம்போலத் தட்டையாகிவிட்டது. இலையும் நிழலும் வெயிற் புள்ளிகளுமன்றி வேறொன்றையும் நாம் கண்டிலோம்.

அண்ணர் மாத்திரம் தலையை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில், “அதோ, அது கிளையன்று, கொம்பு!” என்றார். நாமும் அவ்வாறே அசைந்து பார்த்தோம். சுள்ளியென நாம் எண்ணியது பின்னுள்ள சுள்ளிகளோடு சேராமல் தனியே நகர்ந்தது. அதன் ஒரு பக்கத்தில் பின்னுள்ள இலைகள் மறைய, மறுபக்கத்தில் புதிய இலைகள் வெளிப்பட்டன. அவ்விடத்திலேதான் கண் விளிம்பை வரைகின்றது. நிறவேறுபாடு சிறிதும் இல்லாவிடினும் வரைந்துவிடுகின்றது. அடர்ந்த காட்டில் அசையாது நிற்பவனுக்கு எது எம்மரத்தின் கிளையெனத் தெரியாது, அவன் நடக்கத் தொடங்கியதும் யாவும் பிரிந்து தோன்றும் என்று ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதியுள்ளார்.

இரு கண்கள் படைத்த நாம் தோற்றது ஏன்? கண்களுக்கிடையேயுள்ள தூரம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர்தான். அவை காணும் இரு காட்சிகளின் வேறுபாடு கையெட்டும் பொருளுக்குப் பெரிதும் உதவும். தேநீர் வார்க்கையில் அண்ணர் கோப்பையை விரலால் தொட்டுப் பார்ப்பது அது இல்லாமையினாலேயே. ஐம்பது மீற்றருக்கு அப்பால் அவ்வேறுபாடு மிகச் சுருங்கிவிடும். ஒற்றைக் கண்ணாயினும், தலையை ஒரு சாண் அசைத்தால் அதனினும் அகன்ற இரு இடங்களிலிருந்து பார்த்தவராவோம். அண்ணர் இதனை எந்நூலிலும் படித்தவரல்லர். நாற்பது ஆண்டுகளாகத் தெருக் கடந்தே பழகியவர்.

அவ்வேளை மான் செவியை உதறி இரண்டடி வைத்தது. வெயிற் புள்ளிகளுட் சில ஒருங்கே நகர்ந்தன. முழு உடலும் வெளிப்பட்டது! அதன் பின்னே மேலும் மூன்று நின்றன. மான் மீண்டும் அசைவற்று நின்றபோது, வேறெங்கோ பார்த்துத் திரும்பிய சின்னமகள், “மான் எங்கே?” என்று கேட்டாள்.

சிறுத்தையை அன்று நாம் காணவில்லை. அது எம்மைக் கண்டிருக்கவுங் கூடும். மறுநாட் காலை பிள்ளைகள் அண்ணரைக் கேளாமலே ஜீப்பின் முன்னாசனத்தில் ஏற்றிவிட்டார்கள்.