பிரிலிம்ஸ் தானே!

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். தேர்வுக்கு முன்னால், “பிரிலிம்ஸ் தானே, பயப்படாம எழுதிட்டு வா” என்பார்கள். முடிவு வந்ததும், “பிரிலிம்ஸ்கூடவா பாஸாகல?” என்பார்கள். இரண்டையும் சொல்வது பெரும்பாலும் ஒரே சித்தப்பாவாகத்தான் இருக்கும். ‘தானே’ போட்டபோது ஒன்றுமில்லாமல் இருந்த தேர்வு, ‘கூடவா’ போட்டதும் குடும்ப மானமாகிவிடுகிறது.

என் அக்கா மகளுக்கும் இது நடந்தது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதியில், காலையில் இடம்பிடித்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பாள். பட்டியலில் அவள் எண் வராத அன்று வீட்டில் ஆளுக்கு ஆள் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தோம். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில் ஒன்று சொன்னாள்: “மாமா, அந்த மார்க்கை அவங்களே கணக்குல சேர்க்கிறதில்ல. நீங்க எதுக்கு சேர்க்கிறீங்க?”

அவள் சொன்னது சட்டப்படி சரி. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற பணிகளுக்கான குடிமைப்பணித் தேர்வில் பிரிலிம்ஸ் எனப்படும் முதல்நிலைத் தேர்வு என்ற கட்டமே 1979இல்தான் வந்தது. டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழு 1976இல் தந்த அறிக்கையின் விளைவு அது. விண்ணப்பம் பெருகிக்கொண்டே போனால் எல்லோருடைய கட்டுரைத் தாளையும் உட்கார்ந்து திருத்த முடியாது. அதனால் முதலில் ஒரு சல்லடை. இன்றைய வடிவத்தில் அதற்கு இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் 200 மதிப்பெண். 2015 முதல் இரண்டாம் தாளில் 33 சதவீதம் எடுத்தால் போதும். தரம் பிரிப்பது முதல் தாள்தான். தவறான விடைக்கு, அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். இவ்வளவு கெடுபிடியோடு வாங்கிய மதிப்பெண் அந்தக் கட்டத்தோடு காலாவதி. தரவரிசைக்குக் கணக்கு முதன்மைத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வின் 275ம் மட்டுமே. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்விலும் முதல்நிலை மதிப்பெண் தரவரிசையில் சேராது.

தையல்காரர் துணியை வெட்டி முதலில் நூலோட்டி வைப்பார். மெஷின் தையல் விழுந்ததும் அந்த நூலை உருவிப் போட்டுவிடுவார். முதல்நிலைத் தேர்வின் வேலையும் அவ்வளவுதான்.

ஆனால் சல்லடையின் கண் மிகச் சிறியது. 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 9,92,599 பேர் விண்ணப்பித்தார்கள். எழுதியவர்கள் 5,83,213 பேர். முதன்மைத் தேர்வுக்குப் போனவர்கள் 14,627 பேர், அதாவது ஏறக்குறைய நாற்பது பேருக்கு ஒருவர். கடைசியில் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009 பேர். அந்த நாற்பதில் மீதி முப்பத்தொன்பது பேரும் படிக்காதவர்களா? அவர்களில் நல்ல கட்டுரை எழுதக்கூடியவர்கள், நேர்முகத் தேர்வில் தெளிவாகப் பேசக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று அந்தத் தேர்வுக்குத் தெரியாது. நான்கு விடைகளில் ஒன்றைக் கருப்பாக்கச் சொன்னதைத் தவிர அது அவர்களிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

காவல்துறைப் பக்கம் போனாலும் தொடக்கக் கட்டத்துக்கு இதே போன்ற எல்லைக்கோடு இருக்கிறது. புகார் கொடுக்கப் போனவர்களுக்குப் ‘பூர்வாங்க விசாரணை’ என்ற பதம் பழக்கமானது. வழக்குப் பதியாமல் இழுத்தடிக்க அது நன்றாகவே பயன்பட்டு வந்தது. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதற்கு வரம்பு கட்டியது. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்றது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு, ஊழல் போன்ற சில வகைகளில் மட்டும் முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்றது. அப்போதும் அப்படிப்பட்ட குற்றம் புகாரில் தெரிகிறதா என்று மட்டுமே பார்க்க வேண்டும். சொன்னது உண்மையா பொய்யா என்று தீர்மானிக்க அந்த விசாரணைக்கு உரிமை இல்லை என்றது தீர்ப்பு. தொடக்க நிலைக்கு என்ன அதிகாரம் உண்டு, என்ன இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நாம் அந்த வரம்பை மதிப்பதில்லை. “முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது” என்று காலைப் பேப்பரில் ஒரு வரி வந்தால் போதும். டீக்கடையில் அன்றைக்கே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்தார்கள். சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளின்படி விபத்து நடந்து 30 நாளுக்குள் ஒரு முதற்கட்ட அறிக்கை தர வேண்டும். அது ஜூலை 12 அன்று வெளியானது. விமானம் மேலெழும்பிய சில விநாடிகளில், இன்ஜின்களுக்கு எரிபொருள் விடும் இரண்டு சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் அடுத்தடுத்து நிறுத்த நிலைக்குப் போயின என்று அது பதிவு செய்தது. எப்படிப் போயின, ஏன் போயின என்று முடிவு சொல்லவில்லை. யார் மீதும் பழி போடவும் இல்லை. ஆனால் அன்று இரவுக்குள் தொலைக்காட்சி விவாதங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் உயிரோடு இல்லாத விமானிகளைக் கூண்டில் ஏற்றியாகிவிட்டது. அந்த விமானிகளின் வீடுகளில் பெற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தேர்வு முடிவானாலும் விபத்து அறிக்கையானாலும், முதற்கட்டம் என்பது ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: மேற்கொண்டு போகலாமா? இவன் கெட்டிக்காரனா, அவர் குற்றவாளியா என்ற கேள்விகளை அதனிடம் கேட்கக் கூடாது. கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. அதன் வாயில் நாம்தான் ஒன்றைத் திணித்திருப்போம். அவசரம்தான் காரணம். இறுதி அறிக்கை வருகிற நாளில் நமக்கு வேறொரு பரபரப்பு வந்திருக்கும்; அது உள்பக்கத்தில் ஒரு பத்தியாக வந்து போகும்.

ஆகவே வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு. ‘முதற்கட்ட’ என்று தொடங்கும் செய்தியைப் படித்தால், அடுத்த கட்டம் வரும்வரை யார் பெயரையும் சேர்த்துப் பேசாதீர்கள். பிரிலிம்ஸில் எண் வராத பிள்ளை எதிரில் வந்தால், ‘தானே’யும் வேண்டாம், ‘கூடவா’வும் வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.