நீல நோட்டை ஏன் இன்னும் வச்சிருக்கேன்

ஓம் முருகா.

தொண்டூழியர் பட்டியல் புதுச் செயலிக்கு மாறினதுல இருந்து நிறைய பேர் கேட்கிறாங்க, "அண்ணே, எல்லாம் கைத்தொலைபேசிக்கு வந்தாச்சு, இன்னும் ஏன் அந்த நீல நோட்டைத் தூக்கிக்கிட்டு அலையறீங்க?"ன்னு. வாட்ஸ்அப்ல ரெண்டு வரியில சொல்ல முடியல, அதான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நான் தேசிய சேவை செஞ்சப்போ என்னை ஆபீஸ்ல கிளார்க்கா போட்டாங்க. துப்பாக்கி தூக்கினதை விட ஃபைல் தூக்கினதுதான் அதிகம். ஒருத்தர் வர முடியலைன்னா அவர் இடத்துக்கு வேற ஆள் போடணும். ஆனா மெடிக் இடத்துக்கு மெடிக்தான் போகணும், சிக்னல் செட் தூக்குறவர் இடத்துக்கு அந்தப் பயிற்சி எடுத்தவர்தான் போகணும். தலை எண்ணிக்கை மட்டும் சரியா இருந்து பிரயோஜனம் இல்ல. அந்தக் காலத்துல ரிசர்விஸ்டை அவசரமா கூப்பிட்டுப் பார்க்கும்போது டிவியிலயும் சினிமா தியேட்டர்லயும் படைப்பிரிவோட சங்கேதப் பெயர் வரும். பார்த்ததும் பையைத் தூக்கிக்கிட்டு ஓடணும். இப்போ போனுக்கே மெசேஜ் வருது. வசதிதான், நான் இல்லைன்னு சொல்லல.

அமெரிக்க ராணுவம் இதே ஆள் கணக்கைப் புது மென்பொருளுக்கு மாத்தப் பட்ட பாட்டைப் படிச்சேன். முப்படைக்கும் சேர்த்து ஒரே சிஸ்டம்னு ஆரம்பிச்சு, பல வருஷம் போராடி, கோடிக்கணக்கான டாலர் செலவழிச்சு, 2010-ல கைவிட்டுட்டாங்க. அப்புறம் தரைப்படை மட்டும் தனியா ஐபிபிஎஸ்-ஏன்னு ஒண்ணு செஞ்சது. இந்தத் தடவை ஒரே நாள்ல மாத்தல. 2019-ல பென்சில்வேனியா நேஷனல் கார்டுல தொடங்கி ஒவ்வொரு மாநிலமா போனாங்க. முழுப் படைக்கும் வந்தது 2023 ஜனவரியில, அதுவும் தேதி தள்ளிப் போய்த்தான். பத்து லட்சம் பேருக்கு மேல இருக்கிற படை. உங்க பழைய ரெக்கார்டை நீங்களே சரிபாருங்கன்னு வீரர்கள்கிட்டயே சொன்னாங்க. அப்படியும் ஆரம்பத்துல இடமாற்றம், பதவி உயர்வு எல்லாம் தாமதம் ஆச்சு. அவங்களுக்கே இந்தக் கதின்னா நம்ம எக்செல் ஷீட் எந்த மூலைக்கு?

இப்போ நம்ம விஷயம். போன திருவிழாவுக்கு முதல் நாள் ராத்திரி, விடியற்காலை 4 மணி பால்குட வரிசையில நிக்க வேண்டிய தம்பி ஒருத்தர் வர முடியலைன்னு செயலியில போட்டார். செயலி தானாவே அதே வேலை தெரிஞ்ச, அதே நேரம் வரக்கூடிய ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு மெசேஜ் அனுப்பிடுச்சு. அந்த அங்கிள் தவறி நாலு மாசம் ஆச்சு. போன் அக்காகிட்ட இருந்தது.

அக்கா எனக்குப் போன் பண்ணாங்க. திட்டல. "தம்பி, அவருக்கு டியூட்டி வந்திருக்கு, மகனை அனுப்பட்டுமா?"ன்னு கேட்டாங்க. எனக்கு வாயே வரல.

செயலி செஞ்ச பிள்ளைங்களைக் குத்தம் சொல்லாதீங்க. பழைய எக்செல்லை அவங்ககிட்ட கொடுத்தது நான்தான். நீல நோட்டுல அந்தப் பேருக்குப் பக்கத்துல பெரியவர் ஒருத்தர் தேதி போட்டுக் கோடு இழுத்திருந்தார். நான் திறந்து பார்க்கல. அந்த நோட்டுல வேற என்னெல்லாம் இருக்கு தெரியுமா? "முட்டி வலி, நிக்க வைக்காதே." "நைட் ஷிப்ட், 9 மணிக்கு மேல கூப்பிடு." "இவங்க ரெண்டு பேரும் பேச மாட்டாங்க, ஒரே இடத்துல போடாதே." செயலியில பேர், நம்பர், நேரம், வேலை, அவ்வளவுதான். ஃபேக்டரியில புது மெஷின் வந்தா பழைய லைனையும் கொஞ்ச நாள் கூடவே ஓட்டுவோம். இங்க மட்டும் எனக்கு அந்தப் புத்தி வரல.

அதனால அடுத்த திருவிழாவுக்கு அன்னதானக் குழு மட்டும் செயலியில. மத்த எல்லாரும் நோட்டுலயும் இருப்பாங்க, செயலியிலயும் இருப்பாங்க. செயலி மாத்து ஆளைக் காட்டலாம், ஆனா மெசேஜ் போகிறதுக்கு முன்னாடி ஒரு மனுஷர் பார்த்து அமுக்கணும். பிள்ளைங்க அதைச் செஞ்சு கொடுத்துட்டாங்க.

அக்கா வீட்டுக்கு நேர்ல போய் மன்னிப்புக் கேட்டேன். அங்கிள் பேரை எடுத்துடவான்னு கேட்டதுக்கு, "டியூட்டி போடாதீங்க, பேர் இருக்கட்டும்"னாங்க. இருக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். வந்து உங்க விவரத்தைப் பார்த்துட்டுப் போங்க. நம்பர் மாறியிருந்தா, உடம்புக்கு முடியலைன்னா, வீட்டுல யாராவது தவறியிருந்தா சொல்லுங்க. வர முடியாதவங்க போன் பண்ணுங்க, நானே எழுதிக்கிறேன்.

முருகா சரணம்.