மாடிப்படியின் கீழ் ஒரு குளியலறை

பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-59இல் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டுத் திரும்பிய பிறகு கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழும்பிய மதிலின் வாயில்களுள் ஒன்று யானைக்கவுனி. அந்த மதிலின் பொருட்டு விதிக்க உத்தேசித்த வரியின் ஞாபகத்தை வால்டாக்ஸ் ரோடு இன்னமும் சுமந்துகொண்டிருக்கிறது. மதிலுக்குள் ஜனங்கள் நெருங்கி வாழ்ந்ததனால் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, தெருப்பக்கம் குறுகலாகவும் உட்புறம் நீளமாகவும் அமைந்தன. முற்றத்தில் வெளிச்சமும், பின்கட்டில் கிணறும், கிணற்றடியில் ஸ்நானம் செய்ய ஒரு கல்லும் இருந்தவரையில் அந்த நெருக்கம் பெரிதாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் ஒரு வீடு பல குடித்தனங்களாகப் பிரிந்து, முற்றத்தை அறைகளும் கிணற்றை மூடியும் மறைத்துவிட்ட பின்னர், மனிதன் குளிப்பதற்கென்று மிஞ்சியது பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழேயுள்ள மூலைதான்.

எங்கள் குடித்தனத்துக்கு வாய்த்த குளியலறையும் அத்தகையதே. மூன்றடி அகலம், நான்கடி நீளம். மேலே படிகளின் சரிவு. கதவோ உட்புறமாகத் திறப்பது. தண்ணீர் வரும் வேளையில் பிடித்து வைத்த பிளாஸ்டிக் டிரம் பாதித் தரையை அடைத்துக்கொள்ள, மீதிப் பாதியில் நின்று குளிப்பவர் கையை உயர்த்தினால் சுவரிலும், தலையை நிமிர்த்தினால் படியிலும் இடித்துக்கொள்ளவேண்டும். குளியலறை ஒன்றுக்குக் குறைந்தபட்சம் 1.8 சதுர மீட்டர், அதாவது சுமார் பத்தொன்பது சதுர அடி, வேண்டுமென்று தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்கிறது. எங்களுடையதோ பன்னிரண்டே சதுர அடி. இளம் வயதினர் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். முழங்கால் வலியோடு குனிந்து, வழுக்கும் தரையில் ஒரு கையால் சுவரைப் பற்றியபடி தலைக்கு நீர் வார்த்துக்கொண்ட என் தாயாரின் நிலையை எண்ணும்போதெல்லாம், இது வெறும் சௌகரியக் குறைவு அல்ல, ஆபத்தும் அவமரியாதையும் ஆகும் என்று எனக்குத் தோன்றும்.

இதைவிடச் சிறிய இடத்தில் குளிப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். மோட்டார் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் பயண வீடுகளை மேல்நாட்டார் கட்டுகிறார்கள். நம்மூர்ப் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். அவற்றுள் பலவற்றில் குளிக்கும் தொட்டி இரண்டடிக்கு மூன்றடிக்கு மேல் இராது. வண்டியின் சுவரைத் தள்ளிக் கட்ட இயலாதாகையால், அவர்கள் வேறு உபாயங்களைக் கையாள்கிறார்கள்: திரைச்சீலை தொங்கும் கம்பியை வெளிப்புறமாக வளைத்து முழங்கைக்கு இடம் தருகிறார்கள், கூரையில் குமிழ்போன்ற ஒளிபுகு மூடியை வைத்துத் தலைக்கு இடம் தருகிறார்கள், கையில் எடுத்துப் பிடிக்கக்கூடிய ஷவரில் ஒரு நிறுத்துக் குமிழைப் பொருத்தி, சோப்பு தேய்க்கும் நேரத்தில் நீர் வீணாகாமல் தடுக்கிறார்கள். சாதாரண ஷவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர் நீரைக் கொட்டிவிடும் என்பதை நினைத்தால், தண்ணீருக்குக் காத்திருக்கும் வடசென்னைக் குடும்பத்துக்கு அந்தச் சிறு குமிழ் எவ்வளவு அவசியமென்பது விளங்கும்.

எங்கள் அறையைப் பார்வையிட்ட மேஸ்திரி, நெடுநேரம் யோசித்துவிட்டு, "சார், எடத்தைப் பெரிசாக்க முடியாது, எடத்தை அடைச்சிக்கினு இருக்கிறதை வெளியே எடுக்கலாம்" என்றார். இந்த விஷயத்தின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. டிரம்முக்குப் பதிலாக வெளியே உயரமான மேடையில் ஒரு தொட்டி அமர்ந்தது. அதிலிருந்து குழாய் உள்ளே வந்தது. கதவு வெளிப்புறமாகத் திறக்கும்படி மாறியது. படி உயர்ந்திருக்கும் பக்கத்தில் கை ஷவரும், தாழ்ந்த பக்கத்தில் மடக்கிச் சாத்தும் இருக்கையும் வந்தன. நிற்க உயரம் வேண்டும், உட்காரத் தேவையில்லை என்ற எளிய நியாயத்தை இத்தனை காலம் யாரும் கவனிக்கவில்லை. சொரசொரப்பான டைல்ஸ் பதித்து, நீர் முழுவதும் ஒரே மூலைக்கு ஓடும்படி வாட்டம் கொடுத்து, அங்கே நஹானி டிராப் வைத்தார்கள். அதனுள் எப்போதும் தேங்கி நிற்கும் சிறிதளவு நீரே சாக்கடையின் துர்நாற்றமும் பூச்சிகளும் மேலேறாதபடி காவல் காக்கிறது. எழுந்திருக்கும்போது பற்றிக்கொள்ள எஃகுக் கைப்பிடி ஒன்றைச் சுவரில் ஆழமாகப் பதித்தார்கள். விளக்கின் ஸ்விட்ச் வெளியே போயிற்று.

சதுர அடி ஒன்றுகூட ஏறவில்லை. ஆயினும் என் தாயார் இப்போது யாருடைய ஒத்தாசையுமின்றி, அமர்ந்தபடி, அவசரமில்லாமல் நீராடுகிறார்.

மனிதனுடைய கௌரவம் கூடத்தின் விஸ்தீரணத்தில் இருப்பதாக எண்ணி அலங்காரத்துக்குச் செலவழிக்கும் நாம், அவன் தனியே, நிராதரவாக நிற்கும் சிறிய அறையைக் கடைசியில் வைத்துவிடுகிறோம். பழைய வீடுகளை வாடகைக்கு விடுவோருக்கு என் வேண்டுகோள் இது: இவ்வாண்டு வெள்ளையடிப்பதைச் சற்றே ஒத்திவைத்தாலும் பாதகமில்லை, குளியலறைக் கதவை வெளிப்புறமாகத் திறக்கச் செய்து, முதியோர் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடியை முதலில் பொருத்துங்கள்.