ஆயாவின் எலும்பு

மருத்துவத்துறையில் வேலை செய்யும் பெண்கள் என்றதும் யார் முகம் நினைவுக்கு வருகிறது? டாக்டரம்மா, வெள்ளுடை நர்ஸ். வார்டைக் கழுவுகிறவளும் பெட்பேன் எடுக்கிறவளும் அந்தக் கணக்கில் வருவதேயில்லை. தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த ஆயாக்கள் எல்லோரும் எங்கள் தெருப் பெண்கள்தான். என் சித்தி இருபத்திரண்டு வருசமாக ஆயா.

சில வருசங்களுக்கு முன், அக்டோபர் 20, உலக எலும்புப்புரை தினத்தன்று அவள் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கு முகாம் போட்டார்கள். குதிகாலைச் சின்ன மிசினில் வைத்துச் சோதிப்பது. நர்சுகள் வரிசையில் நிற்க, சித்தி அதே வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் பாப்பாவளா?"ன்னு கேட்டதுக்கு, "நீ காண்ட்ராக்ட் ஆளுல்லா" என்று பதில். அடுத்த வருசம் ஈரத்தரையில் வழுக்கிக் கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது. வயசு 51. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். லேசாக விழுந்ததுக்கே எலும்பு ஏன் முறியணும், டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நம்ம சனம் எல்லாத்துக்கும் 'எலும்புத் தேய்மானம்' என்று ஒரே பேர் வைத்திருக்கிறது. மூட்டுத் தேய்வது வேறு, அது வலித்துக் காட்டிக்கொடுக்கும். எலும்புப்புரை அப்படியல்ல. உள்ளே சல்லடையாகிக்கொண்டே போகும், முறிகிறவரை வலியே இருக்காது. முப்பது வயசுக்குள் சேர்க்கிற எலும்புதான் முதல். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் முதல் சில வருசங்களில் அது வேகமாகக் கரையும். சின்ன வயசிலேயே சினைப்பையை எடுத்துவிட்டால் அந்தக் கரைச்சல் முன்னாடியே தொடங்கிவிடும். பட்டினியில் வளர்ந்தவளுக்கோ முதலே கம்மி. இதைத் தலைவிதி என்று எப்படிச் சொல்வது?

முகாமில் கொடுத்த நோட்டீசைச் சித்தி கூட்டின குப்பையிலிருந்து எடுத்துவந்து தந்தாள். பால் குடி, வெயிலில் நட, உடற்பயிற்சி செய். நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேணும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கு. பாலுக்குக் காசில்லாவிட்டால் கேப்பை இருக்கிறது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். முள்ளோடு தின்கிற நெத்திலியும் நல்லது, கருவாடானால் உப்புப் போக அலசிக்கணும். எலும்புச் சூப்பை மட்டும் நம்பவேண்டாம். சாறில் இறங்குகிற கால்சியம் கொஞ்சந்தான், கறியின் புரதம்தான் லாபம்.

வெயில்? தூத்துக்குடியில் வெயிலுக்கா பஞ்சம் என்பீர்கள். விடியுமுன் ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பொழுதடைந்து வெளியே வருகிறவளுக்குப் பஞ்சந்தான். கறுத்த தோலில் வைட்டமின் டி ஊற வெயில் கூடுதல் நேரம் படவேண்டும். மத்தியானம் அரைமணி வெளியே விடச்சொல்லிக் கேட்டால் சூப்பர்வைசர் முறைப்பான்.

உடற்பயிற்சிதான் பெரிய வேடிக்கை. எலும்பு மெலிந்தவள் குனிந்து பாரம் தூக்கினால் முதுகெலும்பே நசுங்கலாம். கூன் விழுவது பலருக்கு அப்படித்தான். ஆயாவின் எட்டுமணி நேர வேலையே குனிந்து தண்ணிப் பக்கெட் தூக்குவதுதானே. அவளுக்கு நீளப்பிடித் துடைப்பானும் சக்கரம் வைத்த பக்கெட்டும் மாத்திரைக்குச் சமம்.

இதையெல்லாம் எழுதி, ஒப்பந்தப் பெண்களுக்கும் சோதனை வேண்டும் என்று சேர்த்து, ஒன்பது ஆயாக்களிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி மனுக் கொடுத்தோம். சோதனை பற்றிப் பதிலே இல்லை. பக்கெட் மட்டும் இரண்டு வந்தது. மாடி நாலு.

"சக்கரம் நல்லாத்தாம்ட்டி உருளுது. லிப்ட்ல ஏத்தத்தான் விடமாட்டேங்கான்" என்றாள் சித்தி.