பாட்டியம்மாள் நடத்திய பாடம்

சுங்கை வே வட்டாரத்தில் இன்று இரப்பர் மரத்தைக் காண்பது அரிது. எங்கும் தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நெடுஞ்சாலையுமே கண்ணில் படுகின்றன. ஆயினும், எங்களுள் பலருடைய பாட்டன் பாட்டியர் தோட்டங்களில் பால்மரம் சீவி வாழ்ந்தவர்கள். அத்தொழிலுக்குள் எத்துணை அறிவியல் அடங்கியிருந்தது என்பதை ஆறாம் ஆண்டு மாணவர்களாகிய நாங்கள் இவ்வாண்டுதான் அறிந்தோம்.

ஒரு நாள் எங்கள் ஆசிரியர் அணுவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். “ஐயா, கண்ணுக்கே தெரியாத அணுவை அறிந்து நமக்கு என்ன பயன்?” என்று எங்களுள் ஒருவர் வினவினார். ஆசிரியர் உடனே விடை கூறவில்லை. “உங்கள் வீட்டில் பால்மரம் சீவியவர்கள் யாரேனும் உண்டா?” என்று கேட்டார். சற்று நேரம் வகுப்பில் அமைதி நிலவியது. பிறகு ஒரு தோழி மட்டும் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினாள்.

மறுவாரம் அவளுடைய பாட்டியம்மாள் எங்கள் வகுப்பிற்கு வந்தார். நாற்காலியில் அமரவும் கூச்சப்பட்டார். “நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், சாமி. இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லித் தரப்போகிறேன்?” என்றார். “பாலைக் கட்டியாக்கிய விதத்தை மட்டும் சொல்லுங்கள் அம்மா, போதும்” என்றார் ஆசிரியர்.

பாட்டியம்மாள் சொல்லத் தொடங்கினார். விடியுமுன் எழுந்து மரம் சீவுவார்களாம். மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து வருவார்களாம். அதனை வடிகட்டி, நீர் கலந்து, பிறகு நீர்த்த ஆசிட்டை அளவாக ஊற்றிக் கலக்குவார்களாம். நுரையை வழித்துவிட்டு வைத்தால் மறுநாள் பால் வெண்கட்டியாகிவிடுமாம். “ஆசிட் கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. எங்களுக்குக் கையே கணக்கு” என்று கூறித் தம் வலக்கையை நீட்டினார். அதில் நீண்டதொரு தழும்பு இருந்தது. இளவயதில் நீர் கலவாத ஆசிட் சிந்திய இடம் அது. “அப்போது கையுறை ஏது?” என்றார்.

அதன்பின் ஆசிரியர் விளக்கினார். அந்த ஆசிட்டின் பெயர் பார்மிக் அமிலம். எறும்பின் உடலிலும் அது உண்டு. ஒரு கரியணு, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்து நிற்பதே அதன் ஒரு மூலக்கூறு. இவ்வாறு அணுக்கள் கைகோப்பதையே பிணைப்பு என்கிறோம். ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு, கரிக்கு நான்கு என்று கொள்ளலாம்.

இரப்பர்ப் பாலில் மிதக்கும் நுண்துகள்கள் புரதப் போர்வை போர்த்தவை. அவை எதிர்மின்னேற்றம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. அமிலத்திலிருந்து வரும் நேர்மின்னேற்றம் அந்த விலக்கத்தைப் போக்கிவிடுகிறது. உடனே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. வீட்டில் பால் தயிராவதும் ஏறத்தாழ இவ்வாறே; அங்கே நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன.

இரப்பரின் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. ஐந்து கரியணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட கண்ணிகள் ஆயிரக்கணக்கில் தொடர்ந்து அமைந்தது அது. சங்கிலிகள் தனித்தனியே இருப்பதால் பச்சை இரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிபெறும் என்று கண்டறிந்தார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே பாலம்போல் நின்று அவற்றைப் பிணைக்கின்றன. நம் பேருந்தின் சக்கரம் ஓடுவதும் அப்பாலங்களின் வலிமையால்தான்.

மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவையும் மண்ணிலிருந்து நீரையும் பெற்றுச் சர்க்கரை செய்கிறது. அச்சர்க்கரையிலிருந்தே இரப்பரும் உண்டாகிறது. நாம் உண்ணும் சோற்றின் மாவுப்பொருளும் சர்க்கரைக் கண்ணிகளின் சங்கிலியே. நம் தசையிலுள்ள புரதமும் ஒருவகைச் சங்கிலியே. அதில் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜனோடு நைட்ரஜனும் சேர்ந்திருக்கிறது. மரத்திலும் சோற்றிலும் நம்மிலும் பெரும்பாலும் இருப்பவை அதே அணுக்கள்தாம். அவை கைகோக்கும் முறைதான் வேறு.

அனைத்தையும் கேட்டிருந்த பாட்டியம்மாள், “இவ்வளவும் என் வாளிக்குள்ளேயா இருந்தது?” என்று வியந்தார். நாங்கள் சிரித்தோம், ஆசிரியர் சிரிக்கவில்லை. “1925ஆம் ஆண்டில் மலாயாவில் இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கினார்கள். அறிஞர்கள் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்த அதே பாலை நீங்கள் கையால் அறிந்தீர்கள், அம்மா” என்றார்.

எங்கள் தோழி எழுந்து சென்று பாட்டியின் பக்கத்தில் நின்றாள். தழும்புள்ள அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள். தன் பாட்டி பால்மரம் சீவியவர் என்பதை ஐந்து ஆண்டுகளாக எங்களிடம் சொல்லாதவள் அவள். நாங்களும் அவளைப் போன்றவர்களே என்பது அன்று எங்கள் நெஞ்சை உறுத்தியது. அன்று மாலையே எங்களுள் பலர் வீட்டிற்குச் சென்று பாட்டன் பாட்டியரிடம் தோட்டத்துக் கதைகளைக் கேட்டோம்.

அணுவை அறிந்து என்ன பயன் என்ற வினாவை இப்போது எங்களுள் எவரும் கேட்பதில்லை. அமிலத்தின் இயல்பை அறிந்து, கையுறை அணிந்து பணியாற்றும் தலைமுறையாக நாங்கள் வளர வேண்டும். எங்கள் முன்னோரின் கைகள் கற்றதை எங்கள் ஏடுகளிலும் எழுதிவைக்க வேண்டும். இதுவே எங்கள் உறுதி.