நெய்வேலி மண்ணும் டோசர் எண்ணெயும்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் பார்வையாளரின் கண்ணை முதலில் இழுப்பது, பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் எனப்படும் வாளிச் சக்கரம் பூட்டிய பேருருவ இயந்திரமே. எனினும் அது வெட்டிய மேல்மண்ணைப் பெல்ட்டுகள் சுமந்துசென்று கொட்டியபின், அந்த மேடுகளைச் சமன்செய்து, பெரிய இயந்திரங்கள் நகர்வதற்கான தளத்தை ஆக்கித் தருவது புல்டோசர்தான். தொழிலாளர் டோசர் என்றே சுருக்கிச் சொல்லும் இந்த இயந்திரத்தின் ஹைட்ராலிக் எண்ணெயை மாற்றும் வேலை, பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றும் எளிய பணியாகவே வெளியாரால் கருதப்படுகிறது. அருகில் நின்று கவனிப்பவர்க்கு, கண்ணுக்குத் தெரியாத தூசியோடு தொடுக்கப்படும் போர் அது என்பது விளங்கும்.

டோசரின் முன்னால் மண்ணைத் தள்ளும் இரும்புத் தகடு பிளேடு என்றும், பின்னால் இறுகிய நிலத்தைக் கிழிக்கும் கொம்பு ரிப்பர் என்றும் வழங்கப்படுகின்றன. முற்காலத்து டோசர்களில் பிளேடு கம்பிவடத்தால் தூக்கப்பட்டு, இறங்கும்போது தன் எடையால் மட்டுமே மண்ணில் அழுந்தியது. ஹைட்ராலிக் முறை வந்த பின்னரே இயந்திரத்தின் எடையையும் சேர்த்துப் பிளேடை நிலத்தில் ஊன்ற முடிந்தது. இம்முறையில் பம்ப், டேங்கிலிருந்து எண்ணெயை இழுத்துக் கண்ட்ரோல் வால்வுக்கு அனுப்ப, ஆபரேட்டர் லீவரை அசைக்கும் திசைக்கேற்ப அது சிலிண்டரின் ஒரு பக்கத்தில் புகுந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. மறுபக்கத்து எண்ணெய் பில்டர் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. அழுத்தம் எல்லை மீறினால் ரிலீப் வால்வு திறந்து அதைத் தணிக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் இருநூறு கிலோவை ஒட்டிய அழுத்தம் இவ்வமைப்பில் சாதாரணம்.

இந்த அழுத்தத்தைத் தாங்கவேண்டிய கண்ட்ரோல் வால்வின் உள்ளே, ஸ்பூல் என்னும் உருளைத் தண்டுக்கும் அதன் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ நாற்பது மைக்ரானுக்குக் குறைந்த துகளை வெறுங்கண் காண்பதில்லை. ஆகவே பார்வைக்குத் தெளிந்து நிற்கும் எண்ணெயும் வால்வை அரிக்கக்கூடும். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடப்பது கடலூர் மணற்கல். எஃகையே தேய்க்கவல்ல குவார்ட்ஸ் மணல் நிறைந்த இம்மண், எக்ஸ்கவேட்டரின் பற்களைத் தேய்ப்பது போதாதென்று, தூசியாகிக் காற்றில் மிதந்து, டேங்க் மூச்சுவிடும் பிரீதர் துளை வழியாகவும், சிலிண்டர் தண்டின் தேய்ந்த சீல் வழியாகவும் எண்ணெயில் கலக்கிறது. பல டோசர்களுக்கு 2000 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றம் விதிக்கப்பட்டிருப்பினும், இத்தகைய தூசியில் உழைக்கும் இயந்திரத்துக்கு அக்கெடுவைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை.

வேலை கழுவுதலில் தொடங்குகிறது. டேங்கின் மூடியையும் பில்டர் உறையையும் சுற்றியுள்ள மண் நீக்கப்படாமல் ஸ்பேனர் வைக்கப்படுமாயின், மாற்றும் செயலே மாசுக்கு வாயிலாகிவிடும். எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடித்தால் அடியில் தங்கிய கசடு அதனோடு கலந்து வெளியேறும். பிளேடும் ரிப்பரும் தரையில் இறக்கப்பட்டு, இஞ்சின் நிறுத்தப்பட்டு, லீவர்கள் முன்னும் பின்னும் அசைக்கப்பட்டு உள்ளழுத்தம் தணிந்த பின்னரே மூடி மெல்லத் தளர்த்தப்படுகிறது. டேங்கைக் காலிசெய்தாலும் சிலிண்டர்களிலும் ஹோஸ்களிலும் பழைய எண்ணெய் கணிசமாகத் தங்கிவிடுவதால், இது ஒருபோதும் முழுமையான மாற்றமாவதில்லை. பில்டரை உடன் மாற்றாத எண்ணெய் மாற்றம் பயனற்றது என்று மெக்கானிக்குகள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கழற்றிய பில்டரை எறிந்துவிடாமல் பிளந்து, அதன் மடிப்புகளை விரித்துப் பார்ப்பது தேர்ந்த மெக்கானிக்கின் வழக்கம். மடிப்பில் பொன்னிறமாக மின்னும் பொடி பித்தளை, வெண்கலப் பாகங்களின் தேய்மானத்தைக் காட்டும். வெண்சாம்பல் நிறத்தில் காந்தத்தில் ஒட்டாத துணுக்கு கியர் பம்பின் அலுமினிய உடலிலிருந்து வந்திருக்கலாம். காந்தத்தில் ஒட்டுவது எஃகு. கருமையான ரப்பர்ச் சீவல் சீலோ ஹோஸின் உட்சுவரோ கரைவதைச் சொல்லும். எண்ணெயே பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்பது பொருள். ஆய்வுக்கூட அறிக்கை கைக்கு வருமுன்னரே இயந்திரத்தின் உள்நிலையை இவ்வாறு விரல்நுனியால் படித்தறியும் இந்தத் திறன், எந்தச் சான்றிதழிலும் இடம்பெறாமல், மூத்தவரிடமிருந்து ஹெல்பருக்குப் பார்த்துப் பழகுவதன் வழியாகவே வந்துசேர்கிறது என்பது வருத்தத்துக்குரியது. தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடத்தில் முறையாகச் சேர்க்கத்தக்க அறிவு இது.

புதிய எண்ணெய் தூயது என்னும் நம்பிக்கையும் தவறானது. 210 லிட்டர் பேரலில் வரும் எண்ணெயிலுள்ள துகள்கள், ஹைட்ராலிக் அமைப்பு ஏற்கும் அளவைப் பலவேளை கடந்திருக்கும். பேரலை நிமிர்த்தி வெளியில் வைத்தால் அதன் தலைப்பகுதியில் மழைநீர் தேங்க, பகல் வெயிலில் விரிந்த உட்காற்று இரவில் சுருங்கும்போது மூடியின் புரிவழியே அந்நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையை அறிந்த கடலூர் வட்டாரத்தில் பேரலைக் கிடத்தி, இரு மூடிகளும் ஒரே மட்டத்தில் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்குமாறு வைப்பது கட்டாயம். ஊற்றும்போது பில்டர் பொருத்திய கைப்பம்பைக் கையாள்வதும், நூல் உதிர்க்கும் காட்டன் வேஸ்ட்டை டேங்கின் வாய்க்கருகே வராமல் விலக்குவதும் இதே கவனத்தின் பகுதிகள்.

நிரப்பியபின் இஞ்சினை மெதுவான ஓட்டத்தில் வைத்து, பிளேடை இறுதி எல்லைவரை தள்ளாமல் பலமுறை ஏற்றி இறக்கினால், உள்ளே சிக்கிய காற்று டேங்குக்குத் திரும்பி வெளியேறும். அவசரப்பட்டால் காற்றுக் குமிழ்கள் பம்பினுள் அழுத்தத்தில் வெடித்து உலோகத்தைக் குழிக்கும். பின்னர் பிளேடை இறக்கி, இஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் பொறுத்து அளவு பார்த்து, குறைவு ஈடுசெய்யப்படுகிறது. வடித்த எண்ணெய், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேரவேண்டும். சென்ட்ரிங் பலகையில் பூசுவதற்கென்று அதைக் கேனில் விற்கும் வழக்கம் மண்ணையும் கிணற்றையும் கெடுக்கிறது.

சோதனை ஓட்டத்தின்போது ஹோஸில் கசிவு ஐயுறப்பட்டால் அதைக் கையால் தடவித் தேடுவது கூடாது. அட்டைத்துண்டை நீட்டியே தேடவேண்டும். ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்துச் சதைக்குள் பரவவல்லது. அக்காயம் முதலில் சிறு முள் தைத்ததுபோல் அதிக வலியின்றி இருப்பதால் வேலையைத் தொடரத் தூண்டும். சில மணி நேரத்தில் கை வீங்கி, அறுவைச் சிகிச்சை தாமதமானால் விரலையே இழக்க நேரிடும். ஆகவே காயம்பட்டவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பி, அழுத்தத்தில் பாய்ந்த ஹைட்ராலிக் எண்ணெய் தோலுக்குள் புகுந்துள்ளது என்பதை மருத்துவரிடம் முதற்சொல்லாகவே தெரிவிக்கவேண்டும் என்பது பணிமனையில் ஹெல்பர் வரை ஒவ்வொருவர்க்கும் தமிழில் சொல்லித் தரப்படவேண்டிய பாடம்.